குழலிக்காக அடக்கிய சத்தங்கள்

ஜூன் 3, திங்கள்

கல்லூரியில் புவியியல் நடத்திய காலத்தில், அன்றைக்குச் சொல்லப்போவதைக் கரும்பலகையின் இடது ஓரத்தில் எண் போட்டு எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன். எழுதாவிட்டால் எனக்கு நா எழாது. நாட்குறிப்பு எழுதிப் பழக்கமில்லை. ஆகவே இங்கும் அதே வழி.

1. மனைவி கோமதி புனே போனதும், வீடு என் பொறுப்புக்கு வந்ததும்.
2. மருமகள் குழலியின் ஒற்றைத் தலைவலி. எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது என்று கவனிப்பது.
3. அவளுக்கு வேண்டியது அமைதி. அதை மட்டும் என்னால் குறைவில்லாமல் தரமுடியும்.
4. நான் செய்யக்கூடிய பிழைகள். (இதற்கு நிறைய இடம் விடவேண்டும்.)
5. குழந்தை.

மகள் புனேயில் பிள்ளைத்தாய்ச்சி. படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டதால் கோமதி நேற்று ரயிலேறிவிட்டாள். மகன் கைலாஷ் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அக்டோபருக்கு முன் கரைக்கு வரமாட்டான். குழலிக்கு அம்மா இல்லை. அப்பா ஓசூரில் அவள் அண்ணன் வீட்டில், அங்கே இருப்பதே இரண்டு அறை. ஆகவே தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இல்லையென்றாகி, தென்காசியில் இந்த வீட்டில் இப்போது நானும் அவளும் மட்டும்.

அவளுக்கு ஆறாம் மாதம். போன வருஷம் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. அதனால் எல்லோருக்கும் பயம். எனக்குக் கொஞ்சம் கூடுதல். இந்தக் கர்ப்பம் தரித்த நாள் முதல் வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று முறை தலைவலி வருகிறது. மூன்று மாதம் கழிந்தால் பலருக்குக் குறையும் என்றார்கள். இவளுக்குக் குறையவில்லை. வழக்கமாகப் போடும் மாத்திரையும் இப்போது ஆகாதாம். பாராசிட்டமால்தான், அதுவும் அளவோடு.

ரயிலில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாகக் கோமதி சொன்னாள்: "நீங்க புதுசா ஒண்ணும் செய்ய வேண்டாம். சாப்பிட்டியாம்மா, எப்படி இருக்கன்னு அவகிட்ட ரெண்டு வார்த்தை கேளுங்க. அது போதும்."

கேட்க என்ன இருக்கிறது? தட்டைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறதே.

ஜூன் 5, புதன்

இன்று வந்தது. காலையிலேயே தெரிந்துகொண்டேன். தோசையைப் பாதியில் வைத்துவிட்டு, இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு போனாள். எப்போதும் அந்தப் பக்கம்தான்.

ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவள் அறை வாசலுக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். அவிழ்ந்திருந்த முடியை அவசரமாக முடிந்தாள். முகம் வெளுத்திருந்தது. கட்டில் விளிம்பை ஒரு கையால் பிடித்திருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மாமா. லேசா தலைவலி. சரியாயிரும்."

"உட்காரேன்."

"இருக்கட்டும் மாமா."

நான் வெளியே போகும்வரை உட்காரவில்லை. மாமனார் முன்னால் மருமகள் படுத்திருப்பதோ கால்நீட்டி உட்கார்வதோ எங்கள் பக்கத்தில் இல்லை. நல்ல பெண், நன்றாக வளர்க்கப்பட்டவள். ஆனால் நான் உள்ளே போனதால்தான் அவள் நிற்க வேண்டியிருந்தது. இனி தண்ணீரை வாசலில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வந்துவிடுவது.

ஜூன் 6, வியாழன்

மூன்றாம் குறிப்பின்படி வேலையைத் தொடங்கினேன்.

குக்கரை எடுத்துப் பரணில் வைத்தேன். விசில் சத்தம்தான் இந்த வீட்டில் மிகக் கொடியது. இனி வடிசோறு. கதவுக் கீல்களுக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன். சாரல் காற்று தொடங்கிவிட்டது, ஜன்னல்கள் அடித்துக்கொள்கின்றன. பழைய வேட்டியைக் கிழித்து எல்லாவற்றையும் கட்டினேன். அழைப்பு மணியின் வயரைக் கழற்றினேன்.

பால்காரரிடம் இனிக் குரல் கொடுக்காமல் வைத்துவிட்டுப் போகும்படி சொன்னேன்.

"கூப்பிடாம வச்சா பூனை குடிச்சிரும் சார்."

"நான் வாசல்ல நிப்பேன்."

"நீங்க வாசல்ல நின்னா அப்புறம் நான் எதுக்கு சார் கூப்பிடுதேன்?"

நியாயம்தான்.

ஜூன் 9, ஞாயிறு

சாம்பாரில் பெருங்காயம் கூடாது. வாசம் ஆகவில்லை.

ஜூன் 14, வெள்ளி

எதிர்வீட்டுச் செண்பகம் அடைமாங்காய் ஊறுகாய் கொண்டுவந்தாள். மணி அடிக்காததால் கதவைத் தட்டினாள். நான் ஓடிப்போய் உதட்டில் விரல் வைத்தேன்.

"என்ன அண்ணாச்சி, வீட்டுல ஆள் இருக்கியளா இல்லியான்னே தெரியல. ஒரு விசில் சத்தம் இல்ல, ஒரு பேச்சுச் சத்தம் இல்ல. பரீட்சை ஹால் மாதிரில்லா இருக்கு!"

"குழலிக்குத் தலைவலி" என்றேன் மெதுவாக.

"தலைவலின்னா நீங்க ஏன் கள்ளன் மாதிரிப் பேசுதிய?" என்று அவளும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். பிறகு நேராகக் குழலியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே இருவரும் வெகுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். சிரிப்புச் சத்தமும் கேட்டது. தலைவலியோடு ஒருத்தியை இப்படிப் பேசவைக்கலாமா என்று எனக்குப் பதற்றம். ஆனால் போய்ச் சொல்லத் துணிவு வரவில்லை.

மாலையில் குழலி எழுந்து அவளே விளக்கேற்றினாள். மாத்திரை இன்று விரைவாக வேலை செய்திருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

டாக்டர் பியூலாவிடம் போய்வந்தோம். உள்ளே பெண்கள் மட்டும்தான் என்று யாரும் சொல்லவில்லை. சில கணவன்மார்கள் போகிறார்கள். மாமனார் போவது முறையா என்று தெரியாததால் மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் வெளியே வர நேரமானது. ஆட்டோவில் கேட்டேன்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"எல்லாம் நல்லாருக்காம் மாமா."

"தலைவலிக்கு?"

"வேளாவேளைக்குச் சாப்பிடணுமாம். தண்ணி நிறையக் குடிக்கணுமாம். தூக்கம் கெடக் கூடாதாம். அப்புறம்…"

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மேலே அவள் சொல்லவில்லை. இன்னும் கேட்டால் சங்கடப்படுவாள் என்று நானும் விட்டுவிட்டேன். பெண்கள் சமாச்சாரமாக இருக்கும்.

ஜூன் 22, சனி

கோமதி போனில் கோபித்தாள்.

"ஏங்க, அவகிட்ட என்ன சொன்னிய?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"கைலாஷ் போன் பண்ணினப்போ அழுதாளாம்."

"நான் ஒரு வார்த்தை சொல்லல கோமதி. இந்த மூணு வாரத்துல அவகிட்ட மொத்தமா பத்து வார்த்தை பேசியிருந்தாலே அதிகம்."

"அதைத்தான் நானும் கேக்கேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

அங்கே மகளைக் கவனிக்கும் அலுப்பு அவளுக்கு. குழலி அழுததற்குக் காரணம் புருஷன் பக்கத்தில் இல்லாததுதான். வேறென்ன இருக்கமுடியும்? ஆனாலும் வாசல் ஸ்டூலில் இன்று தண்ணீருடன் ஓர் ஆரஞ்சுப் பழமும் உரித்து வைத்தேன். சுளைகளில் நாரெல்லாம் எடுத்து.

ஜூலை 11, வியாழன்

இன்று வளைகாப்பு. அடுத்த வாரம் ஆடி பிறந்துவிடும் என்பதால் செண்பகம் முன்னின்று நடத்தினாள். மகளுக்கு இன்றோ நாளையோ என்றிருப்பதால் கோமதியால் வர இயலவில்லை.

எனக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. மல்லிகை, சந்தனம், ஊதுவத்தி, ஒரு கூட்டம் பெண்கள், பாட்டு, அத்தனையும் தலைவலிக்கு அழைப்பு. செண்பகத்திடம் போய் என் யோசனைகளைச் சொன்னேன். பூ வேண்டாம், ஊதுவத்தி வேண்டாம், பெண்கள் இரண்டிரண்டு பேராக உள்ளே வந்து வளையல் போட்டுவிட்டுப் போகட்டும், பாடுவதானால் மெதுவாக.

"அண்ணாச்சி, இது வளைகாப்பா, ஆஸ்பத்திரியில ஆள் பாக்க வாறதா?"

இருந்தாலும் ஒப்புக்கொண்டாள். அப்படியே நடந்தது. தெருப் பெண்கள் காலடி வைக்கும் சத்தம்கூடக் கேட்காமல் உள்ளே வந்தார்கள். குழலியின் கன்னத்தில் சந்தனம் தடவி, பச்சையும் சிவப்புமாய்க் கண்ணாடி வளையல்களை அடுக்கினார்கள். எல்லோரும் போட்டு முடித்ததும் ஒன்றாகக் கூடிப் பாட்டைக் கிசுகிசுத்தார்கள். எட்டு பத்து பெண்கள் கிசுகிசுத்து ஒரு பாட்டைப் பாடுவதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பாம்பு சீறுவது போலிருந்தது. யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள். அது அடுத்தவளுக்குத் தொற்றியது. பிறகு செண்பகமே, "போங்கட்டி, என்னால ஆகாது" என்று தொண்டையைத் திறந்து பாட ஆரம்பித்துவிட்டாள். வீடே அதிர்ந்தது. குலவைச் சத்தம் வேறு.

நான் பின்கட்டில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன். கதவிடுக்கில் குழலியின் முகம் தெரிந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு அவள் வந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாலைவரை காத்திருந்தேன். தலைவலி வரவில்லை. காலையில் கொடுத்த இளநீராக இருக்கலாம்.

ஜூலை 13, சனி

மகளுக்குப் புனேயில் ஆண் குழந்தை. இருவரும் சுகம். கோமதி போனில் அழுதாள்.

இங்கே, கஞ்சி வடிக்கையில் கையில் கொட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பகலில் படித்துவிட்டுத் தலைநிமிர்ந்தபோது மேஜை மேல் தீப்புண் களிம்பு இருந்தது. அவள் வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை. அவளும் சத்தமில்லாமல் நடக்கப் பழகிவிட்டாள்.

ஜூலை 24, புதன்

வளையல்கள் எனக்குப் புதுக் கவலை. அவள் தண்ணீர் மொண்டாலும் சத்தம், முந்தானையைச் சரிசெய்தாலும் சத்தம். படுக்கையில் புரண்டால்கூடக் கூடம் வரை கேட்கிறது. வலி வரும்போது காதோரத்திலேயே இந்தக் கலகலப்பு இருந்தால் எப்படித் தாங்குவாள்? கழற்றிவைக்கலாமா என்று செண்பகத்திடம் கேட்டேன்.

"நல்லா கேட்டிய! பிள்ளை பெறுத வரைக்கும் கையில கிடக்கணும். அந்தச் சத்தம் வயித்துல இருக்க பிள்ளை கேக்கதுக்கு. உங்களுக்கில்ல."

விட்டுவிட்டேன். போகப்போக அதில் ஒரு வசதியும் தெரிகிறது. சத்தத்தை வைத்தே அவள் சமையலறையில் இருக்கிறாளா, கிணற்றடியிலா, படுத்திருக்கிறாளா என்று சொல்லிவிடலாம். அவளிடம் போய்க் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இந்த வாரம் வலி ஒரே ஒரு முறைதான். மூன்றாம் குறிப்பு பலன் தருகிறது என்று நினைக்கிறேன். இதில் பெருமைப்படலாமா தெரியவில்லை. கொஞ்சம் பட்டேன்.

நூலகத்திலிருந்து திரும்பியபோது சமையலறையில் பாட்டுச் சத்தம். குழலிதான். நல்ல குரல். செருப்பைக் கழற்றினேன், பாட்டு நின்றுவிட்டது. "பாடும்மா, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்" என்று சொல்லவேண்டும் போலிருந்தது. அதை எப்படித் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் சாப்பாடு முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் 14, புதன். ஆஸ்பத்திரி

குழலியைக் கொஞ்சம் முன்புதான் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். செண்பகம் பக்கத்தில் உட்கார்ந்து சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கைக்கு ஒரு வேலை வேண்டும். நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் அவள் எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை மேஜையில் வைத்தாள். மேஜையின் விளிம்புக்கு அப்பால் வைத்தாள். டம்ளர் கீழே விழுந்து காப்பி முழுதும் தரையில். "மன்னிச்சுக்கோங்க மாமா, கண்ணு சரியாத் தெரியல. தலைவலி" என்று குனியப்போனாள். நானே துடைத்துக்கொள்கிறேன் என்று அறைக்கு அனுப்பிவிட்டு, வழக்கப்படி திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலில் தண்ணீர் வைத்தேன். தரையைத் துடைத்தேன். கோமதிக்குப் போன் செய்தேன்.

"இது என்ன புதுசாங்க? மாத்திரை போட்டுப் படுக்கச் சொல்லுங்க" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். செய்தித்தாளை விரித்தேன். ஏதோ ஒன்று சரியில்லை. என்னவென்று கண்டுபிடிக்க நேரமானது. வளையல் சத்தம் இல்லை. அவள் தூங்குகிறாள் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் காப்பி கொண்டுவந்தபோதும், டம்ளர் விழுந்தபோதும், பதறிக் கையை நீட்டியபோதும்கூட வளையல் குலுங்கவில்லை. கை அசைந்தது, சத்தம் இல்லை.

இரண்டு மாதமாக நான் பாடுபட்ட அமைதி நேற்றுக் காலைதான் முழுதாகக் கிடைத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

எழுந்து போய் அவள் அறை வாசலில் நின்றேன். தண்ணீரை எடுக்கவில்லை. உள்ளே போனேன். எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை.

"படும்மா. எழுந்திரிக்காதே. எங்கே வலிக்குது?"

"வழக்கமான தலைவலிதான் மாமா."

"எங்கேன்னு கேக்கேன்."

இப்படி அவளிடம் நான் கேட்டதேயில்லை. அவள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். இடது கண்ணைப் பொத்தியிருக்கவில்லை. "தலை முழுக்க மாமா. பின்னாலயும். ரெண்டு நாளா." பிறகு தயங்கி, "கண்ணுல மினுக்கு மினுக்குன்னு வருது. இங்கயும் வலிக்கி" என்று மேல்வயிற்றைத் தொட்டாள்.

"கையைக் காட்டு."

காட்டினாள். மணிக்கட்டு வீங்கி, வளையல்கள் சதைக்குள் இறுகிக் கிடந்தன. ஒன்றோடொன்று மோத இடமில்லை. முகமும் ஊதியிருந்தது, திரை இழுத்த அறையில், வாசலில் நின்று நான் எப்படிப் பார்த்திருக்கமுடியும்?

"ரெண்டு நாளா ஏம்மா சொல்லல?"

"நீங்க…" என்று நிறுத்திவிட்டாள்.

ஆட்டோவில் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தோம். நல்ல கூட்டம். கவுண்டரில் இருந்த பெண், "டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க தாத்தா, வரிசையா கூப்பிடுவோம்" என்றாள். பொறுமையாகத்தான் சொன்னாள். டோக்கன் வாங்கினேன். உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் எந்த வரிசையையும் நான் மீறியதில்லை. பக்கத்தில் குழலி சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். அவள் தோளைப் பிடித்து எழுப்பினேன். அவளை நான் தொட்டது அதுவே முதல் தடவை. நேராக நர்ஸ் உட்கார்ந்திருந்த மேஜைக்கு அழைத்துப்போனேன். என்ன சொல்வதென்று மனதுக்குள் எண் போட்டு வைத்திருந்த எல்லாம் மறந்துவிட்டது. என் வாயிலிருந்து வந்தது இதுதான், அதுவும் பெரிய சத்தத்தில்:

"இவ வளையல் சத்தம் கேக்கலம்மா!"

வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பினார்கள். நர்ஸ் என்னைப் பார்த்தாள், குழலியின் மணிக்கட்டைப் பார்த்தாள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை எடுத்துக் கையில் சுற்றினாள். ஒரு தடவை பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே ஓடினாள்.

டாக்டர் பியூலா என்னை உள்ளே கூப்பிட்டார். பெஞ்சில் உட்காராமல் அந்த அறைக்குள் நான் போனது அப்போதுதான்.

"இது அவங்க பழைய தலைவலி இல்ல சார். பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு. பிள்ளைத்தாய்ச்சிக்கு இது வந்தா வலிப்பு வரைக்கும் போகும், தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. ஊசி போட்டு இறக்கிட்டு, நாளைக்கே பிள்ளைய எடுத்துரணும். நான் அன்னைக்கே சொன்னேனே, வழக்கத்துக்கு மாறா தலைவலி வந்தா, கை முகம் வீங்கினா, கண்ணுல மினுக்கினா, உடனே வந்துரணும்னு. வீட்டுல சொல்லலையா?"

"நான் கேக்கல டாக்டர்" என்றேன்.

கையில் ஊசிக்குழாய் இறக்க வளையல்கள் தடையாக இருந்தன. கழற்ற வரவில்லை. துணி சுற்றி ஒவ்வொன்றாக உடைத்தார்கள்.

மதியம் அவளை விளக்கணைத்த ஒரு சிறு அறையில் கிடத்தியிருந்தார்கள். துணைக்குப் பெண்தான் இருக்கவேண்டும்; செண்பகம் துணிமணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்ததால் அதுவரை என்னை இருக்கவிட்டார்கள். நான் உள்ளே போனதும் குழலி எழப்பார்த்தாள். "ஏம்மா, அசையாதேன்னு எத்தனை தடவை சொல்லுதது!" என்று நர்ஸ் அதட்டினாள். படுத்துக்கொண்டாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பழக்கம் விடாமல், மூச்சுச் சத்தம்கூடக் கேட்காதபடி உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, "மாமா" என்றாள்.

"என்னம்மா?"

"ஏதாவது பேசுங்க."

"தலை வலிக்குமே."

"நீங்க பேசாம இருந்தாத்தான் மாமா வலிக்கி. நான் படுத்தே கிடக்கேன்னு உங்களுக்குக் கோவம்னு நெனச்சேன். சமைக்கிறதுகூட நீங்கதான். ஒரு வார்த்தை பேசமாட்டீங்க. தண்ணிய வச்சிட்டுப் போயிருவீங்க. செண்பகம் அத்தைகிட்டகூடச் சொல்லி அழுதேன். அதான் ரெண்டு நாளாச் சொல்லல. இன்னும் ஒரு தலைவலியான்னு நெனச்சிருவீங்களோன்னு."

கோபமா? அவளுக்கு ஆரஞ்சுச் சுளையில் நார் எடுத்தபோது எனக்கிருந்த நிறைவை எப்படிச் சொல்வேன்?

"எனக்கு என்ன பேசறதுன்னு தெரியாதும்மா" என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சதப் பேசுங்க."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மேற்குத்தொடர்ச்சி மலை நெடுக மழை மேகத்தை மறிக்கிறது, ஆனால் செங்கோட்டைப் பக்கம் ஒரு கணவாய் இருக்கிறது, தென்மேற்குக் காற்று அந்த வழியாக நுழைந்துதான் நமக்குச் சாரலைக் கொண்டுவருகிறது என்று ஆரம்பித்தேன். தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனேன்.

"கடைசில பரீட்சை வைக்கமாட்டீங்கல்லா?" என்றாள்.

"என் வகுப்புல பாதிப்பேர் தூங்கிருவாங்க."

"உங்க குரல் அப்படி மாமா. நல்லாருக்கு. சொல்லுங்க, அப்புறம் அந்தக் காத்து எங்க போவும்?"

காற்று ஆலங்குளம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். நான் நிறுத்தவில்லை.

அதே நாள், பிற்பகல்

பெண். இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். சூடான பெட்டியில் வைத்திருக்கிறார்கள். குழலி கண் விழித்தாள். பிரஷர் இன்னும் சில நாள் பார்க்கவேண்டும் என்கிறார்கள். செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சத்தமாக.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கைலாஷ் கப்பலிலிருந்து பேசினான். குழந்தை யார் ஜாடை என்று கேட்டான். கண்ணாடிக்கு வெளியே நின்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நன்றாகக் கத்துகிறாள் என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கைலாஷைத் தவிர எல்லோரும் வீட்டில். புனேயில் பேரனை மகளின் மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கோமதி வந்துவிட்டாள். குழலிக்கு அழுத்தம் இறங்கிவிட்டது, மாத்திரை தொடர்கிறது.

இன்று மத்தியானம் அவளுக்குப் பழைய தலைவலி. இடது பக்கம். கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீக்கம் உண்டா, கண்ணில் மினுக்கம் உண்டா என்றும் கேட்டேன். இல்லை என்றாள். வீட்டுக்கு வாங்கிய கருவியில் பிரஷரும் பார்த்தோம், சரியாக இருந்தது. கோமதி வழக்கப்படி அதிகாரத்தை எடுத்துக்கொண்டாள்.

"எல்லாரும் வெளிய போங்க. ஒரு சத்தம் வரக் கூடாது. நீங்களுந்தான்."

"மாமா இருக்கட்டும் அத்தை" என்றாள் குழலி, படுத்தபடியே. "கொஞ்சம் பேசட்டும்."

"இவங்களா? பேசவா?"

"விசில் சத்தம் ஆகாதுதான். மாமா சத்தம் ஆகும்."

உட்கார்ந்து பேசினேன். மலையெல்லாம் தீர்ந்துபோய்விட்டதால் பால்காரரைப் பற்றி, நூலகத்தில் குறட்டை விடுகிறவரைப் பற்றி, கிசுகிசுத்துப் பாடிய வளைகாப்பைப் பற்றி. குழலி சிரித்தாள், பிறகு தூங்கினாள். குழந்தையும் தூங்கியது. கோமதி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமான நாள்லருந்து எங்கிட்ட இவ்வளவு பேசினதில்லியே நீங்க" என்றாள் வெளியே வந்ததும். கோபமா கேலியா என்று தெரியவில்லை. உட்கார் சொல்கிறேன் என்றேன். உட்கார்ந்தாள்.

இப்போது முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறேன். ஒன்றும் இரண்டும் சரி. நான்காவதற்கு விட்ட இடம் போதவில்லை. ஐந்து, அடுத்த அறையில் விழித்துக்கொண்டு குரலெடுக்கத் தொடங்கிவிட்டது.

மூன்றாவது தவறு. குழலிக்கு வேண்டியது அமைதி என்று எழுதியிருக்கிறேன். அது எனக்கு வேண்டியிருந்தது.